பயமுறுத்துவது எது, நம்பவைப்பது எது? மர்ம நாவலில் தொனியும் உணர்வுச்சூழலும்

இளவேனில்:

(முன்னெச்சரிக்கை: ஆர்தர் கானன் டாயிலின் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ நாவலை முழுவதுமாகப் பிரித்துப் பேசப்போகிறேன். கொலையாளி யார் என்பதும் வரும். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், இழை இங்கேதான் இருக்கும்.)

மர்ம நாவல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘இருண்ட நடை, திகில் சூழல்’ என்று இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொனி என்பது கதை சொல்கிறவருடையது. நடப்பதை அவர் எப்படிப் பார்க்கிறார், எவ்வளவு நம்புகிறார், எதைச் சொல்லத் தயங்குகிறார் என்பதெல்லாம் அதில் தெரியும். உணர்வுச்சூழல் வாசிக்கிறவர் மேல் கவிவது. பயப்படச் செய்ய வேண்டிய இடத்தில் கதை சொல்கிறவரே முதலில் பயந்து அலறினால், வாசகருக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்தால்தான் மர்ம நாவல் நிற்கிறது என்பது என் கட்சி.

இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மார்டிமர் என்பவர் லண்டன் பேக்கர் தெருவில் ஷெர்லாக் ஹோம்ஸின் வீட்டுக்கு வருகிறார். முதலில் 1742ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு கையெழுத்துப் பிரதியை வாசிக்கிறார். பாஸ்கர்வில் குடும்பத்து மூதாதை ஒருவர் தம் மகன்களுக்கு எழுதிவைத்தது. கொடியவனான ஹியூகோ ஒரு பெண்ணைக் கடத்தியது, அவள் தப்பி ஓடியது, அவன் துரத்தியது, கடைசியில் ஒரு ராட்சத நாய் அவன் குரல்வளையைக் கிழித்தது. இதைப் பற்றித் சகோதரி எலிசபெத்திடம் வாய் திறக்கக்கூடாது என்ற குறிப்போடு முடிகிறது. தெய்வபயமுள்ள ஒரு தந்தையின் கனத்த குரல். கேட்டு முடித்த ஹோம்ஸ் கொட்டாவி விடுகிறார். நாமும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கிறோம்.

அடுத்து மார்டிமர் ஒரு செய்தித்தாளை எடுக்கிறார். சர் சார்லஸ் பாஸ்கர்வில்லின் மரணம். இதய நோய், காயம் எதுவும் இல்லை, விசாரணை முடிந்தது. உள்ளூர்ப் பத்திரிகையின் வறண்ட நடை. இங்கும் பயம் இல்லை.

மூன்றாவதாக, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, விசாரணையில் சொல்லாததை மார்டிமர் சொல்கிறார். அறிவியல் படித்தவர், மூடநம்பிக்கைக்குத் துணைபோகிறவராகத் தெரிய விருப்பமில்லாதவர். அதனால் தயங்கித் தயங்கி, கடைசியில் குரல் தாழ்ந்து, சடலத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்த காலடித்தடங்களைச் சொல்கிறார். அவை ஒரு பெரிய நாயின் தடங்கள். கதை சொல்லும் வாட்சனுக்கு உடம்பு சிலிர்க்கிறது, நமக்கும்தான்.

நாய் முதலிலேயே வந்துவிட்டது, அதுவும் குரல்வளையைக் கிழித்துக்கொண்டே வந்தது. அப்போது வராத பயம், வெறும் காலடித்தடத்துக்கு ஏன் வருகிறது? பழங்கதை பயத்துக்கு உருவம் கொடுத்தது. செய்தித்தாள் அதற்கு ஓர் இடமும் தேதியும் கொடுத்தது. நம்ப விரும்பாத ஒரு மருத்துவரின் தயக்கம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. மூன்று குரல்களையும் இந்த வரிசையில் அடுக்கியதுதான் வேலை செய்திருக்கிறது. வர்ணனையின் இருட்டுக்கு இங்கே இடமே இல்லை. எல்லாம் லண்டனில், ஓர் அறைக்குள், காலை வெளிச்சத்தில் நடக்கிறது.

மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?


புதிர்ப்பித்தன்:

அழகாகப் பிரித்துக் காட்டியிருக்கிறீர்கள், ஆனால் அடிப்படையிலேயே நான் வேறுபடுகிறேன். மர்ம நாவலின் எலும்புக்கூடு புதிர்தான். உணர்வுச்சூழல் மேலே போட்ட ஆடை. ஆடை நன்றாக இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டாலும் ஆள் நடப்பான்.

ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். அமானுஷ்யம் கூடாது, துப்பறிபவர் கண்ட தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும், இப்படி. அந்தப் பத்தில் ஒன்றுகூட மூடுபனியைப் பற்றியோ ஊளையைப் பற்றியோ பேசவில்லை. தடயங்களை நேர்மையாக வைத்தீர்களா என்பதுதான் கேள்வி.

அந்த அளவுகோலில் பார்த்தால் நீங்கள் சொல்லும் நாவல் பலவீனமானது. சந்தேகத்துக்குரியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பதினைந்து அத்தியாயங்களில் பன்னிரண்டாவதிலேயே ஸ்டேபிள்டன்தான் குற்றவாளி என்று ஹோம்ஸ் வாட்சனிடம் சொல்லிவிடுகிறார். பனி இல்லாவிட்டால் இந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?


இளவேனில்:

புதிர்ப்பித்தன், நாக்ஸின் ஒன்பதாவது விதியை விட்டுவிட்டீர்கள். துப்பறிபவரின் நண்பர், அதாவது வாட்சன் போன்றவர், தம் மனதில் தோன்றும் எதையும் வாசகரிடமிருந்து மறைக்கக்கூடாது என்கிறது அது. அதைத் தொனியைப் பற்றிய விதி என்றுதான் நான் வாசிக்கிறேன். கதை சொல்கிறவரின் குரல் எவ்வளவு நம்பகமானது என்பது தீர்மானமாகாமல் ஒரு தடயத்தைக்கூட நேர்மையாக வைக்க முடியாது. நீங்கள் எலும்பு என்று சொல்வதே அந்தக் குரலின் மேல்தான் நிற்கிறது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அதையே நான் மறுபக்கமாகப் படிக்கிறேன். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் மூன்று அத்தியாயங்களைக் கீழே வைக்க முடியவில்லையே, அந்த மூன்றையும் தூக்கி நடத்துவது எது?


பழைய இதழ்:

ஒரு தகவல் சேர்க்கிறேன். இந்த நாவல் ‘தி ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை ஒன்பது மாதங்கள் தொடராக வந்தது. சிட்னி பேஜட் படம் வரைந்தார். இரண்டாம் அத்தியாயம் அந்தக் காலடித்தடத்தில் முடிந்ததை நினைத்துப் பாருங்கள். முதல் தவணையை அங்கே நிறுத்திவிட்டு, அடுத்த இதழ் வரை ஒரு மாதம் வாசகர்களைக் காக்க வைத்தார்கள். ஒரு மாதம் தாங்கும் பயத்தை ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. 1893இலேயே டாயில் ஹோம்ஸைக் கொன்றுவிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, அந்த மரணத்துக்கு முந்தைய நிகழ்ச்சியாக இந்தக் கதையை எழுதினார். ஏங்கிக் கிடந்த வாசகர்களுக்கு ஹோம்ஸைத் திருப்பிக் கொடுத்தார், கொடுத்த கையோடு ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே பறித்துக்கொண்டார்! பாஸ்கர்வில் மாளிகை இருக்கும் டார்ட்மூர் சதுப்பு வெளிக்கு, ஹோம்ஸ் இல்லாமல் வாட்சன்தான் போகிறார். பதினொன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரிகளில்தான் ஹோம்ஸின் குரல் மறுபடி கேட்கிறது.

உணர்வுச்சூழலுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஹோம்ஸ் இருக்கும் அறையில் பயம் தங்காது. கொட்டாவி விட்டே துரத்திவிடுவார். சதுப்பும் பாறையும் டார்ட்மூரில் எப்போதும் இருந்தவை. அவற்றைப் பார்த்து ‘இதற்கு ஒரு விளக்கம் உண்டு’ என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் ஊரில் இல்லை என்பதுதான் நம்மை உலுக்குகிறது. பனியை நாவலில் இருந்து எடுத்துவிட்டாலும் இது மிஞ்சும்.


தாமிரபரணி:

ஐயா சொன்னது எனக்குப் புதிய வெளிச்சம். நான் ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், மலைத்தோட்ட பங்களா ஒன்றில் நடப்பது. அதனால் நடைமுறையாகக் கேட்கிறேன். இளவேனில் அக்கா சொல்வதுபோல் கதைசொல்லி நிதானமாகவே பேசிக்கொண்டிருந்தால், ஐம்பது பக்கத்துக்கு மேல் தட்டையாகிவிடாதா? வாட்சன் எப்போதும் ஒரே மாதிரியா பேசுகிறார்?


இளவேனில்:

இல்லை தம்பி, ஒரே மாதிரி இல்லை. நல்ல இடத்தில் கையை வைத்தாய். இந்த நாவலில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் இடம் அதுதான்.

எட்டாம், ஒன்பதாம் அத்தியாயங்கள் வாட்சன் ஹோம்ஸுக்கு எழுதிய அறிக்கைகள். ஒன்று அக்டோபர் 13, மற்றது 15. கடிதம் யாருக்குப் போகிறது என்பது அதன் குரலைத் தீர்மானிக்கிறது. ஹோம்ஸ் படிக்கப்போகிறார், எனவே வாட்சன் தம் மனக்கலக்கத்தை ஒதுக்கிவிட்டு, யார் யாரைப் பார்த்தேன், எத்தனை மணிக்கு என்ன கேட்டது என்று ஒழுங்காக அடுக்குகிறார். பத்தாம் அத்தியாயத்தில் திடீரென்று நாட்குறிப்பு வருகிறது. அக்டோபர் 16, பனியும் தூறலுமாக ஒரு மந்தமான நாள். இப்போது அவர் தமக்காக எழுதுகிறார். அந்த ஊளையை நானே காதால் கேட்டேனே, இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை என்று தம்மோடு வாதாடுகிறார். எழுதும் கை ஒன்றுதான், யாருக்கு எழுதுகிறார் என்பது மாறிவிட்டது. கடிதத்தில் மறைந்திருந்த நடுக்கம் நாட்குறிப்பில் வெளியே வருகிறது. அதன் பிறகுதான் பதினொன்றில் பழைய சீரான கதைசொல்லலுக்குத் திரும்புகிறார். மூன்று நாள் இடைவெளியில் ஒரே மனிதரின் குரலை இப்படி இறக்கி ஏற்றியிருக்கிறார் டாயில். தட்டை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது, இன்னும் முக்கியம். ஆறாம் அத்தியாயத்தில் அவர்கள் பாஸ்கர்வில் மாளிகைக்குப் போய்ச் சேருகிறார்கள். இலையுதிர் காலம், மஞ்சள் இலைகள் விழுகின்றன, தப்பி ஓடிய கைதி செல்டனுக்காகக் குதிரை மேல் காவலன் நிற்கிறான். சர் சார்லஸின் வாரிசாகக் கனடாவிலிருந்து திரும்பிய சர் ஹென்றி, அந்த இருண்ட பாதையைப் பார்த்ததும், ஆறு மாதத்துக்குள் இங்கே வரிசையாக மின்விளக்கு போட்டுவிடுகிறேன், வாசலில் ஸ்வான்-எடிசன் விளக்கு ஆயிரம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எரியும் என்கிறார். எவ்வளவு உயிருள்ள பேச்சு! இருட்டை அவர் வர்ணிக்கவில்லை, சரிசெய்யப் பார்க்கிறார். அதனாலேயே இருட்டு எவ்வளவு என்று நமக்குத் தெரிகிறது.

அன்றிரவு வாட்சனுக்கு ஒரு பெண்ணின் விம்மல் கேட்கிறது. மறுநாள் காலை வெயில் வந்து, அறை பளிச்சென்று இருக்கிறது. குறை வீட்டில் இல்லை, களைத்துப்போன நம்மிடம்தான் இருந்தது என்கிறார் சர் ஹென்றி. அத்தோடு டாயில் அதைக் கரைத்துவிட்டிருக்கலாம். கரைக்கவில்லை. பணியாளர் பாரிமோர் விம்மலை மறுக்கிறார், ஆனால் அவர் மனைவியின் கண்கள் சிவந்து வீங்கியிருக்கின்றன.

பேய்க் கதையில் ஒரு விம்மல் விம்மலாகவே இருக்கலாம். மர்ம நாவலில் அதற்கு ஒரு தொண்டை வேண்டும். இந்த நாவலில் நம்மை அச்சுறுத்தும் ஒவ்வொன்றையும் பின்னால் போய்த் தேடிப் பாருங்கள். விம்மியது திருமதி பாரிமோர், செல்டன் அவளுடைய தம்பி. நள்ளிரவில் ஜன்னலில் தெரிந்த மெழுகுவத்தி, அவனுக்குக் காட்டிய அடையாளம். நிலவொளியில் பாறைமேல் நின்ற மெலிந்த உருவம் ஹோம்ஸ். சதுப்பில் ஒரு குதிரைக்குட்டி கழுத்து வரை மூழ்கிச் சாகும் கொடூரமான காட்சிகூட வெறும் காட்சி இல்லை. அதே சதுப்பின் நடுவரை போய்த் திரும்ப எனக்கு வழி தெரியும் என்று ஸ்டேபிள்டன் அப்போது உற்சாகமாகச் சொல்கிறான். பிறகு நாயை எங்கே ஒளித்துவைத்திருந்தான் என்று கேட்கும்போது விடை அங்கேயே இருக்கிறது. குதிரைக்குட்டிக்காக நாம் பதறிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

புதிர்ப்பித்தன், நீங்கள் ஆடை என்று சொன்னதற்கு என் பதில் இதுதான். இங்கே திகிலும் தடயமும் ஒரே பொருள். பிரித்தால் இரண்டும் போய்விடும்.

ஸ்டேபிள்டனின் தொனியையும் சொல்லியாக வேண்டும். அவன் வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் இயற்கை ஆய்வாளன். ஊளை கேட்டதும், சதுப்பு நிலத்தில் இப்படி ஓசைகள் வருவதுண்டு, அழிந்துவரும் ஒரு நீர்ப்பறவையின் குரலாகவும் இருக்கலாம் என்று பாடம் நடத்துகிறான். அந்தப் பகுதி முழுவதும் பேய்நாய் என்று நடுங்கும்போது, பகுத்தறிவோடு பேசுகிறவன் கொலையாளியே. பயந்தவர்கள் எல்லாரும் நிரபராதிகள்.


மழைக்காலம்:

நான் இங்கிலாந்தை விட்டு வெளியே போகிறேன். ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ (1939) லாஸ் ஏஞ்சல்ஸில் நடப்பது. தொடக்கத்தில் துப்பறிவாளன் மார்லோ ஜெனரல் ஸ்டெர்ன்வுட்டைப் பார்க்கப் போகிறான். சந்திப்பு ஆர்க்கிட் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்குள். மார்லோவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கோட்டைக் கழற்றுகிறான். கிழவரோ அந்த வெக்கையிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பணமும் அழுகலும் ஒரே காற்றில் இருக்கின்றன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வெக்கை சொல்கிறது. பிறகு புத்தகத்தின் பெரும்பகுதி மழை.

அந்த நாவலில் ஒரு கார் ஓட்டுநர் சாகிறான். படமாக எடுத்தபோது, அவனைக் கொன்றது யார் என்று சாண்ட்லரிடமே கேட்டார்கள். தமக்கும் தெரியாது என்றார் அவர். புதிரில் அவ்வளவு பெரிய ஓட்டை இருந்தும், புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது. எனவே இளவேனில் சொல்லும் ‘திகில் எல்லாம் தடயமாக வேண்டும்’ என்ற கறாரையும் நான் ஏற்கவில்லை. மழை மழையாகவே இருக்கலாம். மார்லோவின் குரலில் கிண்டலுக்குக் கீழே ஒரு சோர்வு இருக்கிறது, நான் அதற்காகத்தான் திரும்பத் திரும்ப அதைப் படிக்கிறேன்.


புதிர்ப்பித்தன்:

ஓட்டையை வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்பதால் ஓட்டை நல்லது என்று ஆகிவிடாது, மழைக்காலம். சாண்ட்லரைக் குரலுக்காகப் படிக்கிறீர்கள், நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் மர்மம் என்ற வகையில் அது எனக்கு ஏமாற்றமே.

இளவேனில், குதிரைக்குட்டி உதாரணத்துக்கு நன்றி. அதை நான் தடயமாகப் படித்ததே இல்லை. இருந்தாலும் இரண்டு கேள்விகள். ஒன்று, உணர்வுச்சூழல் அவ்வளவு இன்றியமையாதது என்றால், டாயில் ஏன் கடைசி அத்தியாயத்தில் அதைத் தாமே கலைக்கிறார்? நவம்பர் இறுதி, பேக்கர் தெரு, கணப்பு எரிகிறது, ஹோம்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக விளக்குகிறார். அப்புறம் இரவு உணவு, இசை நாடகம். ஒரு வழக்கறிஞரின் குறிப்பைப் படிப்பதுபோல் இருக்கிறது. இரண்டு, எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும் என்கிறீர்களே, 1742ஆம் ஆண்டுப் பிரதியில் ஹியூகோவின் கழுத்தைக் கிழித்த அந்த நாய்? அதற்கு யார் கணக்குக் கொடுத்தார்கள்?


கீழைக்காற்று:

கடைசி அத்தியாயத்துக்குப் போகுமுன் எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள். வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ (1868) இந்த விவாதத்தில் வந்தே ஆக வேண்டும். தொனிக்கென்றே ஒரு நாவலைக் கட்டியவர் அவர். ஒரு வைரம் காணாமல் போகிறது. நடந்ததைப் பல பேர், தாம் நேரில் அறிந்ததை மட்டும் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதுகிறார்கள். எழுபது கடந்த காரியஸ்தர் பெட்டரெட்ஜ் முதலில் வருகிறார். ‘ராபின்சன் குரூசோ’வைப் பிரித்துப் பார்த்தே எல்லாவற்றுக்கும் குறி கேட்பவர், வாயாடி, நல்ல மனிதர். அடுத்து மிஸ் கிளாக். பார்க்கிறவர்கள் கையிலெல்லாம் பக்திப் பிரசுரங்களைத் திணிக்கிறவள், தன் பொறாமையைத் தானே அறியாதவள். அப்புறம் ஒரு வழக்கறிஞர், இன்னும் சிலர். பெட்டரெட்ஜ் கண்ணில் தங்கமான பெண்ணாகத் தெரியும் ரேச்சல், கிளாக் எழுதும்போது திமிர் பிடித்தவளாகத் தெரிகிறாள். எழுதுகிறவரின் தொனியைக் கழித்துவிட்டுத்தான் உண்மையை எடுக்க வேண்டும். துப்பறிகிற வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

யார்க்ஷயர் கடற்கரையில் ஒரு புதைமணல் வருகிறது. அலை மாறும்போது அதன் மேற்பரப்பு நடுங்கும். பணிப்பெண் ரோசன்னாவுக்கு அந்த இடத்தின் மேல் விளக்க முடியாத ஈர்ப்பு. அதைப் பற்றி முதலில் சொல்லும்போது பெட்டரெட்ஜ் வழக்கம்போல் வளவளவென்று பேசுகிறார். பின்னால் ரோசன்னா காணாமல் போய், அவளுடைய காலடித்தடங்களைத் தேடிக் காவல்துறை அதிகாரி கஃபோடு அதே கரையில் நிற்கும்போது, அந்த வாய் ஓய்ந்துவிடுகிறது. இருநூறு பக்கம் சிரித்துப் பேசிய மனிதர் பேச்சற்று நிற்பதைப் பார்க்க நமக்குத் தாங்கவில்லை. முதலிலிருந்தே சோகமாகப் பேசியிருந்தால் இந்த இடம் எழும்பியே இருக்காது. இளவேனில் சொல்லும் எதிரிழுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொனியை எழுத்தாளர் வைத்துவிட்டுப் போகலாம், உணர்வுச்சூழலுக்கு அவர் முழுச் சொந்தக்காரர் இல்லை. இந்த நாவலின் முன்னுரைப் பகுதி 1799இல், ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளில் தொடங்குகிறது. ஓர் ஆங்கிலேய அதிகாரி திப்புவின் அரண்மனை ஆயுத அறையில் கொலை செய்து அந்த வைரத்தை எடுக்கிறான். அதைத் தேடி மூன்று பிராமணர்கள் தலைமுறை கடந்து இங்கிலாந்து வரை வருகிறார்கள். அந்தக் காலத்து ஆங்கில வாசகர் ஒருவர், தோட்டத்து இருட்டில் அந்த மூவரின் நிழல் விழும்போது திகிலடைந்திருக்கலாம். நான் திகிலடையவில்லை. எங்கே மாட்டிக்கொள்வார்களோ என்று அவர்களுக்காகப் பதறினேன். காலின்ஸும் ஓரளவு என் பக்கம்தான் என்று நினைக்கிறேன். கடைசிக் காட்சியில் வைரம் குஜராத்தின் கத்தியவார் பகுதியில் நிலவுக் கடவுளின் நெற்றிக்குத் திரும்புகிறது, அதைச் சொல்கிற பயணியின் குரலில் கேலி துளியும் இல்லை.


பழைய இதழ்:

கீழைக்காற்று சொன்ன கடைசி விஷயம் மிகவும் சரி. நம் பக்கத்திலும் இந்த இடமாற்றம் நடந்திருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில மர்மக் கதைகளைத் தமிழ்ப் பெயர்களோடும் ஊர்களோடும் மாற்றி எழுதியபோது, கதைப்போக்கு கடல் கடந்து வந்தது, குரல் இங்கேயே பிறந்தது. நடுவில் நிறுத்தி வாசகரிடம் நேரடியாகப் பேசுவது, நீதி சொல்வது எல்லாம் அதில் உண்டு. அந்தக் குரலில் கேட்கும்போது அதே சதி வேறு விதமாக மனதில் படுகிறது.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இந்த இழையில் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பேயா விஞ்ஞானமா என்ற கேள்வியைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும் கதையில், வசந்தின் குறும்புப் பேச்சு நிற்பதே இல்லை. அந்தப் பேச்சு தளரும் இடங்களில்தான் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. பெட்டரெட்ஜ் செய்யும் வேலையை அங்கே வசந்த் செய்கிறான்.


மழைக்காலம்:

வசந்த் ஒப்பீடு அருமை ஐயா. மறுபேச்சில்லை.


இளவேனில்:

புதிர்ப்பித்தனின் இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் பதினான்காம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். ஹோம்ஸ், வாட்சன், காவல்துறை அதிகாரி லெஸ்ட்ரேட் மூவரும் ஸ்டேபிள்டன் வீட்டுக்கு வெளியே காத்திருக்கிறார்கள். சதுப்பின் மேலிருந்து பனி மெல்ல வீட்டை நோக்கி நகர்கிறது. தம் திட்டத்தைக் கெடுக்கக்கூடியது உலகத்தில் இது ஒன்றுதான் என்கிறார் ஹோம்ஸ். புத்தகம் முழுவதும் பின்னணியில் கிடந்த பனி இங்கே கதையின் நடுவுக்கு வந்துவிட்டது. சர் ஹென்றி பாதையில் வருவதற்குள் அது பாதையை மூடிவிட்டால் அவர் சாவார். ஹோம்ஸிடம் பொறுமை இழப்பு தெரிகிறது. கொட்டாவி விட்ட அதே மனிதர்.

நாய் பனிக்குள்ளிருந்து பாய்கிறது, வாயிலும் கண்ணிலும் தீ. சுட்டு வீழ்த்துகிறார்கள். வாட்சன் அதன் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறார், அவர் விரல்களும் இருட்டில் ஒளிர்கின்றன. பாஸ்பரஸ் என்கிறார். ஹோம்ஸ் முகர்ந்து பார்த்து, நாயின் மோப்பத்தைக் கெடுக்கும் வாசனை எதுவும் இதில் இல்லை என்கிறார். நரகத்து நாயின் சடலத்தின் மேலேயே இந்த வேதியியல் பேச்சு. திகில் உச்சத்தில் இருக்கும் அதே பக்கத்தில், கையில் தொட்டு, மூக்கில் முகர்ந்து, ஒரே சொல்லில் விளக்கம் வந்துவிடுகிறது. எனவே உணர்வுச்சூழலைக் கலைக்கும் வேலை கடைசி அத்தியாயத்துக்கு மிச்சமில்லை, இங்கேயே முடிந்துவிட்டது.

அதனால் பதினைந்தாம் அத்தியாயம் கொஞ்சம் நீளம், கொஞ்சம் கணக்குப்பிள்ளைத்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதில் இரண்டு விஷயங்களை டாயில் மூடாமல் விட்டிருக்கிறார். ஸ்டேபிள்டன் சதுப்பில் புதைந்திருக்க வேண்டும், ஆனால் உடல் கிடைக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. கொலை வெற்றி பெற்றிருந்தால் சொத்தை எப்படிச் சந்தேகம் வராமல் கேட்டிருப்பான் என்று வாட்சன் கேட்கும்போது, அது கடினமான கேள்வி என்று ஹோம்ஸே ஒப்புக்கொள்கிறார். சர் ஹென்றியோ, நரம்புகள் குலைந்துபோய், மார்டிமரோடு நீண்ட கடற்பயணம் போகப்போகிறார். ஆயிரம் மெழுகுவத்தி விளக்கு போடுகிறேன் என்று சொன்ன ஆள்! பாஸ்பரஸ் என்று தெரிந்த பிறகும் அவர் உடம்பிலிருந்து பயம் போகவில்லை. விளக்கம் புதிரைத் தீர்க்கும், பயத்தை முழுவதுமாகத் தீர்க்காது என்பதை ஒரு பாத்திரத்தின் உடல்நிலையாகவே வைத்திருக்கிறார்.

1742 நாய்க்குக் கணக்கு இல்லை, உண்மை. ஆனால் அது எந்தக் குரலில் வந்தது என்று பாருங்கள். தந்தையிடமிருந்து கேட்டு, அவர் தம் தந்தையிடம் கேட்டு, எழுதிவைத்தது. வாட்சன் கண்ணால் காணாதது. கதைசொல்லியின் கண் பட்ட எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது, செவிவழி வந்ததற்கு இல்லை. அந்தக் கோட்டை டாயில் தொனியால்தான் போட்டிருக்கிறார்.


புதிர்ப்பித்தன்:

இரண்டாவது பதிலை ஏற்கிறேன். ‘கண்டதற்குக் கணக்கு, கேட்டதற்கு இல்லை’ என்றால் அது நாக்ஸே ஒப்பக்கூடிய விதி. முதல் பதிலில் பாதியை மட்டும். சொத்துப் பிரச்சினையை ஹோம்ஸ் ஒப்புக்கொள்வதை நீங்கள் திறந்த முனை என்கிறீர்கள், எனக்கு அது இன்னும் டாயில் அடைக்க மறந்த ஓட்டையாகவே தெரிகிறது.


தாமிரபரணி:

இந்த இழையைப் படித்துவிட்டு என் பிரதியை எடுத்து, பயம் வர வேண்டும் என்று நான் வைத்திருந்த இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டேன். பக்கத்தில் அதைச் செய்தது யார் என்று பெயர் எழுதினேன். பங்களாவின் பழைய அடுப்பறையில் நள்ளிரவில் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு மட்டும் யாரும் இல்லை. கதைசொல்லியான மருந்தாளுநரே நேரில் கேட்கிறார். நல்ல இடம், விட மனமில்லை. என்ன செய்வது?


புதிர்ப்பித்தன்:

எடுத்துவிடுங்கள் தம்பி. அல்லது அந்தப் பாத்திரத்தை உருட்ட ஒரு காரணமுள்ள ஆளை அடுப்பறைக்குள் அனுப்புங்கள். கொலைக்குச் சம்பந்தமில்லாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, திருமதி பாரிமோரைப்போல அவருக்கென்று ஒரு துயரம் இருந்தால் போதும்.


இளவேனில்:

அவர் சொல்வது முதல் வழி, அதைத்தான் முதலில் முயன்று பார். ஆள் கிடைக்கவில்லை என்றால், சத்தத்தை மருந்தாளுநரின் காதிலிருந்து எடுத்து வேறு ஒருவர் வாயில் வை. தோட்டத்தில் நெடுநாள் வேலை செய்த ஒரு மூதாட்டி, என் மாமியார் காலத்திலிருந்தே இப்படித்தான் என்று அரிசி புடைத்துக்கொண்டே சொல்லட்டும். அவர் பயப்படாமல் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். அந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் இங்கே போடு, படித்துவிட்டுச் சொல்கிறேன்.